அஞ்சல்தலை அச்சிடலும் சேகரிப்பும்

அஞ்சல்தலை என்பது அஞ்சல் கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட்டுவிட்டது என்பதற்குச் சான்றாக அஞ்சல் உறையின் மீது ஒட்டப்படும் சிறு தாளாகும். தமிழ்நாட்டில் இது தபால்தலை என்றும் ஸ்டாம்ப் என்றும், இலங்கையில் முத்திரை என்றும் வழங்கப்படுகிறது. அஞ்சல்தலைகளையும் அவற்றோடு தொடர்புடைய உறைகள், முத்திரைக் குறிகள் முதலியவற்றையும் திரட்டி ஆராய்வது அஞ்சல்தலையியல் எனப்படும்.

அஞ்சல்தலை பணத்தாளைப் போன்றே விலை மதிப்புள்ள தாள். அதைப் போலியாக அச்சிட்டாலும், ஒரு முறை பயன்பட்டதைக் கழுவி மீண்டும் ஒட்டினாலும் அஞ்சல் துறைக்கு வருவாய் இழப்பு ஏற்படும். இவ்விரண்டையும் தடுப்பதற்கே 1840 முதல் அச்சகங்கள் பல உத்திகளைக் கையாண்டு வருகின்றன. மூலை எழுத்துகள், நீர்க்குறி, கரையும் மை, நுண்ணிய செதுக்குக் கோடுகள் ஆகியவை அவ்வாறு தோன்றியவை. சேகரிப்பாளர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் தேடுவதும் இவற்றைத்தான். ஓர் அஞ்சல்தலை எவ்வாறு செய்யப்பட்டது என்று அறியாதவருக்கு ஒரு ரூபாய் மதிப்புள்ளதற்கும் ஓர் இலட்ச ரூபாய் மதிப்புள்ளதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதல் அஞ்சல்தலை

பிரித்தானியாவில் 1840க்கு முன்னர் கடிதம் சென்ற தொலைவையும் அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணம் கணக்கிடப்பட்டது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதைச் செலுத்தினார். ரோலண்ட் ஹில் என்பவர் 1837இல் வெளியிட்ட சிறுநூலில், எடைக்கு ஏற்ற ஒரே சீரான குறைந்த கட்டணத்தை அனுப்புபவரே முன்னதாகச் செலுத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தார். அதன் விளைவாக வெளிவந்ததே பென்னி பிளாக் எனப்படும் உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலை. இது 1840 மே 1 அன்று விற்பனைக்கு வந்தது. மே 6 முதல் செல்லுபடியாகியது.

பணத்தாள் அச்சிடுவதில் அனுபவம் பெற்றிருந்த பெர்க்கின்ஸ், பேக்கன் நிறுவனம் இதை அச்சிட்டது. விக்டோரியா அரசியின் தலை உருவம், வில்லியம் வையன் செதுக்கிய பதக்கம் ஒன்றைத் தழுவியது. மனித முகத்தில் சிறு மாறுதல் ஏற்பட்டாலும் கண் உடனே கண்டுகொள்ளும் என்பதால், போலியைத் தடுக்க முகமே சிறந்தது எனக் கருதப்பட்டது. முகத்தின் பின்னணியில் இருக்கும் பின்னல் கோடுகள் கையால் வரையப்பட்டவை அல்ல. அவை இயந்திரத்தால் செதுக்கப்பட்டவை. கையால் அவற்றைப் படியெடுப்பது மிகக் கடினம்.

தகடு செய்யப்பட்ட முறை குறிப்பிடத்தக்கது. முதலில் மென்மையான எஃகுத் துண்டில் ஒரே ஓர் அஞ்சல்தலையின் உருவம் இடவலம் மாறியவாறு செதுக்கப்பட்டது. அத்துண்டு வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்ட பின், மென்மையான எஃகு உருளை ஒன்று மிகுந்த அழுத்தத்துடன் அதன் மீது உருட்டப்பட்டது. செதுக்கின் பள்ளங்கள் உருளையில் மேடுகளாகப் பதிந்தன. உருளையும் கடினமாக்கப்பட்டு, அச்சுத் தகட்டின் மீது 240 முறை வரிசையாக உருட்டப்பட்டது. இவ்வாறு ஒரே செதுக்கிலிருந்து ஒன்று போலவே 240 உருவங்கள் கிடைத்தன. அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்சு. ஒரு சில்லிங்குக்கு 12 பென்சு. ஆகவே ஒரு வரிசைக்கு 12 வீதம் 20 வரிசைகள் கொண்ட முழுத்தாளின் விலை ஒரு பவுண்டு, ஒரு வரிசையின் விலை ஒரு சில்லிங். அஞ்சலகத்தில் கணக்குப் பார்ப்பது இதனால் எளிதாயிற்று.

உருளையால் பதிக்கப்படாத ஒன்று மட்டும் இருந்தது. ஒவ்வோர் அஞ்சல்தலையின் கீழ் மூலைகளிலும் இரண்டு எழுத்துகள் தகட்டில் கையால் அடித்துப் பதிக்கப்பட்டன. இடப்பக்க எழுத்து வரிசையையும் வலப்பக்க எழுத்து அவ்வரிசையில் உள்ள இடத்தையும் குறித்தன. முதல் அஞ்சல்தலையில் ஏ-ஏ. கடைசி அஞ்சல்தலையில் டி-எல். ஒரே ஓர் அஞ்சல்தலையைப் போலியாகச் செய்து பல முறை அச்சிடுபவரிடம் ஒரே எழுத்துச் சோடி கொண்ட அஞ்சல்தலைகளே குவியும். அது ஐயத்தை எழுப்பும் என்பது இதன் நோக்கம். கையால் அடிக்கப்பட்டதால் எழுத்துகள் தகட்டுக்குத் தகடு சற்றே இடம் மாறி, சாய்ந்து அமைந்தன. இந்தச் சிறு பிசகுகளைக் கொண்டே ஓர் அஞ்சல்தலை எந்தத் தகட்டின் எந்த இடத்தில் அச்சானது என்று இன்றைய சேகரிப்பாளர்கள் கூறிவிடுகின்றனர்.

பென்னி பிளாக் ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் அச்சிடப்பட்டது. எனவே பலர் எண்ணுவது போல் இது அரிய அஞ்சல்தலை அன்று. முதலாவது என்பதாலேயே விலை மிகுந்தது. இதன் வாழ்நாள் ஓராண்டுக்கும் குறைவு. கறுப்பு அஞ்சல்தலையின் மீது சிவப்பு மையால் முத்திரை குத்தப்பட்டது. அம்மையை அழித்துவிட்டு அஞ்சல்தலையை மீண்டும் பயன்படுத்த முடியும் எனத் தெரிய வந்தது. ஆகவே 1841 பெப்ரவரியில் நிறங்கள் இடம் மாறின: அஞ்சல்தலை சிவப்பாகவும் முத்திரை மை கறுப்பாகவும் ஆயின.

பங்குச் சந்தைப் போலிகள்

மூலை எழுத்துகள் உண்மையில் பயன்பட்டனவா என்ற கேள்விக்கு விடையாக அமைந்த நிகழ்வு ஒன்று உண்டு. 1872, 1873ஆம் ஆண்டுகளில் இலண்டன் பங்குச் சந்தையின் தந்தி அலுவலகத்தில், தந்திக் கட்டணத்துக்கான படிவங்களில் ஒரு சில்லிங் பச்சை அஞ்சல்தலைகள் ஒட்டப்பட்டன. படிவங்கள் அலுவலகத்திலேயே தங்கிவிடுவதால் வாடிக்கையாளர் அவற்றை மீண்டும் பார்ப்பதில்லை. முறைப்படி அவை பின்னர் அழிக்கப்பட வேண்டியவை. ஆயினும் ஒரு பகுதி எப்படியோ தப்பி, ஆண்டுகள் பல கழிந்த பின் அஞ்சல்தலை வணிகர்களின் கைக்கு வந்தது.

1898இல் சார்லஸ் நிசன் என்ற வணிகர் அவற்றை ஆராய்ந்தபோது, சிலவற்றில் நீர்க்குறி இல்லாததைக் கண்டார். மேலும், அச்சுத்தாளில் ஒரு போதும் இடம்பெற முடியாத எழுத்துச் சேர்க்கைகளும் அவற்றில் இருந்தன. ஒரு வரிசைக்கு 12 அஞ்சல்தலைகளே உள்ள தாளில் எல் என்ற எழுத்துக்கு அப்பாற்பட்ட இடம் கிடையாது. போலி செய்தவர் எழுத்துகளை மாற்ற வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அவற்றின் கணக்கை அறிந்திருக்கவில்லை. அஞ்சல் துறை கால் நூற்றாண்டாகக் கண்டுபிடிக்காத இம்மோசடியைச் செய்தவர் யார் என்பது நிறுவப்படவேயில்லை. இன்று இப்போலிகளே சேகரிப்பாளர்களிடையே விரும்பி வாங்கப்படுகின்றன.

அச்சு முறைகள்

அஞ்சல்தலைகள் பெரும்பாலும் நான்கு முறைகளில் அச்சிடப்படுகின்றன.

செதுக்கு அச்சு முறையில், மேலே கூறியவாறு, உருவம் தகட்டில் பள்ளமாக இருக்கும். தகடு முழுவதும் மை பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை எஞ்சும். தாளை மிகுந்த அழுத்தத்துடன் தகட்டின் மீது அழுத்தும்போது மை தாளில் மேடாகப் படிகிறது. விரல் நுனியால் மெல்லத் தடவினால் இம்மேடு புலப்படும். புடைப்பு அச்சு இதற்கு நேர்மாறானது. ரப்பர் முத்திரையைப் போல, மேடான பகுதி மையைத் தாங்கும். அழுத்தத்தால் கோடுகளின் ஓரத்தில் மை பிதுங்கி நிற்பதும், தாளின் பின்புறம் சற்றே புடைத்திருப்பதும் இதன் அடையாளங்கள்.

கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற இயல்பே இதன் அடிப்படை. கொழுப்பு மையால் வரையப்பட்ட பகுதி மையை ஏற்கும். ஈரமான எஞ்சிய பகுதி விலக்கும். இன்றைய ஆப்செட் அச்சு இதன் வழிவந்தது. தகட்டிலிருந்து உருவம் முதலில் ரப்பர் விரிப்புக்கும் பின்னர் தாளுக்கும் மாற்றப்படுகிறது. நான்காவதான போட்டோகிராவியூர் முறையில் உருவம் ஒளிப்பட வழியில் செப்பு உருளையின் மீது நுண்ணிய குழிகளாகப் பதிக்கப்படுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளின் ஓரங்கள்கூட இரம்பப் பற்களைப் போலத் தோன்றும். 1914இல் பவேரியா வெளியிட்ட அஞ்சல்தலைகளே இம்முறையில் முதலில் அச்சானவை.

ஒரே வடிவமைப்பு காலப்போக்கில் இரண்டு முறைகளில் அச்சிடப்படுவதும் உண்டு. அப்போது விலைப்பட்டியல்கள் அவற்றைத் தனித்தனி அஞ்சல்தலைகளாகவே கணக்கிடுகின்றன.

கல்கத்தாவில் அச்சான அஞ்சல்தலைகள்

இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் அஞ்சல்தலையான சிந்து டாக், அன்றைய சிந்து ஆணையர் பார்ட்டில் ஃபிரேரின் முயற்சியால் 1852 சூலை 1 அன்று வெளியிடப்பட்டது. இந்தியா முழுமைக்குமான அஞ்சல்தலைகள் 1854 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இவற்றை இலண்டனில் அச்சிடாமல் கல்கத்தாவிலேயே அச்சிட முடிவு செய்யப்பட்டது. நாணயச் சாலையில் மேற்கொள்ளப்பட்ட தொடக்க முயற்சிகளால் தேவையான அளவில் அச்சிட முடியவில்லை. நிலப்படங்களைக் கல்லச்சில் அச்சிட்டு வந்த நில அளவைத் துறையிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. துறையின் துணைத் தலைமை அளவையாளரான கேப்டன் ஹென்றி துய்லியர் இதற்குப் பொறுப்பேற்றார். அரையணா அஞ்சல்தலைகள் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மையில் அச்சிடப்பட்டன. அம்மை தீர்ந்துபோனது. உள்நாட்டுச் சிவப்பு மை அச்சுக்கற்களில் இருந்த உருவத்தை விரைவில் கெடுத்ததால், நிறம் நீலமாக மாற்றப்பட்டது. அரையணா நீல நிறம் பெற்றதற்குக் காரணம் அழகுணர்வு அன்று, மை தட்டுப்பாடே.

நாலணா அஞ்சல்தலை இரு நிறங்களில் அமைந்தது. முதலில் சிவப்புச் சட்டமும், அடுத்த சுற்றில் அதனுள் நீலத் தலை உருவமும் அச்சாயின. இரண்டாம் சுற்றில் தாள் தலைகீழாக வைக்கப்பட்டபோது விக்டோரியாவின் தலையும் தலைகீழாக அச்சானது. இவை பிழை என அறியப்படாமலேயே அஞ்சலகங்களில் விற்பனையாயின. இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அவற்றுள்ளும் பல, அக்கால வழக்கப்படி எண்கோணச் சட்டத்தை ஒட்டி வெட்டப்பட்டவை. அகன்ற ஓரத்துடன் சதுரமாக எஞ்சியவை இன்னும் அரியவை.

இதே வகைப் பிழையே 1918இல் அமெரிக்காவின் 24 செண்ட் வான் அஞ்சல்தலையிலும் நிகழ்ந்தது. சிவப்புச் சட்டத்தினுள் நீல விமானம் தலைகீழாகப் பறக்கும் 100 அஞ்சல்தலைகள் கொண்ட ஒரு முழுத்தாளை, வில்லியம் ரோபி என்ற சேகரிப்பாளர் வாசிங்டன் அஞ்சலகம் ஒன்றில் அதன் முகமதிப்பான 24 டாலர் கொடுத்து வாங்கினார். இரு நிறங்களை இரு சுற்றுகளில் அச்சிடும் எவரும் இப்பிழையிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது.

இந்திய அஞ்சல்தலைகளை அச்சிடும் பணி 1855 முதல் இலண்டனின் டி லா ரூ நிறுவனத்துக்கு மாறியது. இலங்கையின் முதல் அஞ்சல்தலையான ஆறு பென்சு, 1857 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அதை அச்சிட்டது பென்னி பிளாக்கை அச்சிட்ட அதே பெர்க்கின்ஸ், பேக்கன் நிறுவனமாகும். 1859இல் துளையிடப்படாமல் வெளிவந்த நான்கு பென்சு இளஞ்சிவப்பு அஞ்சல்தலை, இலங்கை அஞ்சல்தலைகளில் மிகவும் விலை உயர்ந்ததாகக் கருதப்படுகிறது.

தாள், மை, துளை

நீர்க்குறி என்பது தாள் செய்யப்படும்போதே, கூழ் ஈரமாக இருக்கையில், கம்பி வடிவம் ஒன்றை அழுத்தி உண்டாக்கப்படுவது. அவ்விடத்தில் தாள் மெலிந்திருப்பதால் ஒளியில் உருவம் தெரியும். பென்னி பிளாக்கின் நீர்க்குறி ஒரு சிறு மகுடம். அஞ்சல்தலையைக் கரிய தட்டில் முகம் கீழாக வைத்துச் சில துளி பென்சீன் விட்டால் நீர்க்குறி தெளிவாகப் புலப்படும் எனப் பழைய கையேடுகள் கூறுகின்றன. பென்சீன் நச்சுத்தன்மை கொண்டது, எளிதில் தீப்பற்றுவது. மாணவர்கள் இதை முயலக் கூடாது. இதற்கென விற்கப்படும் பாதுகாப்பான திரவங்கள் உள்ளன.

டி லா ரூ நிறுவனம் மையையே காவலாக்கியது. நீர் பட்டால் கரையும் மையில் அச்சிட்டால், முத்திரையைக் கழுவ முயல்பவர் அஞ்சல்தலையையும் இழப்பார். 1883, 1884ஆம் ஆண்டுகளில் வெளியான பிரித்தானிய ஊதா, பச்சை அஞ்சல்தலைகள் இத்தகையவை. உறையிலிருந்து பிரிக்க அவற்றை நீரில் ஊற வைத்த சேகரிப்பாளர்கள் பச்சை நிறம் வெளுத்த தாளையே கையில் பெற்றனர். பழைய அஞ்சல்தலை எதையும் மை வகை தெரியாமல் நீரில் இடலாகாது.

விளிம்புத் துளைகள் மட்டும் மோசடியைத் தடுக்க வந்தவை அல்ல. தொடக்கத்தில் அஞ்சலக ஊழியர்கள் கத்தரியால் வெட்டியே அஞ்சல்தலைகளை விற்றனர். அயர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி ஆர்ச்சர் 1847 முதல் துளையிடும் இயந்திரத்தை உருவாக்க முயன்றார். அவருடைய உரிமத்தைப் பிரித்தானிய அரசு 1853இல் 4,000 பவுண்டுக்கு வாங்கியது. பாரிசைச் சேர்ந்த மருத்துவர் லெக்ராண்ட் 1866இல் துளைகளை அளக்கும் முறையை வகுத்தார். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்பதே அளவு. துளை 14 என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கு 14 துளைகள் என்பது பொருள். இம்முறையே இன்றும் வழக்கில் உள்ளது.

தானே ஒட்டிக்கொள்ளும் அஞ்சல்தலையைச் சியரா லியோன் 1964இல் வெளியிட்டது. இவ்வகையில் பழைய கவலை மீண்டும் தலைதூக்கியது. பிரித்தானியா 2009 முதல் தன் வழக்கமான அஞ்சல்தலைகளில் வளைந்த வெட்டுகளை இட்டது; உறையிலிருந்து உரித்தால் அவை கிழியும். 2022இல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டைக்குறி கொண்ட அஞ்சல்தலைகள் வந்தன. பட்டைக்குறி இல்லாத வழக்கமான அஞ்சல்தலைகள் 2023 சூலை 31க்குப் பின் செல்லாமல் போயின. படங்கள் கொண்ட சிறப்பு வெளியீடுகளுக்கு இத்தடை இல்லை.

சேகரிப்பாளரை ஏமாற்றும் போலிகள்

அஞ்சல் துறையை ஏமாற்றுவதைவிடச் சேகரிப்பாளரை ஏமாற்றுவது ஆதாயம் மிக்கது. ஜான் டி ஸ்பெராட்டி இத்துறையில் மிகவும் பெயர் பெற்றவர். அவர் அதே காலத்தைச் சேர்ந்த மலிவான உண்மை அஞ்சல்தலையின் அச்சை வேதிப்பொருட்களால் நீக்கிவிடுவார். தாள், நீர்க்குறி, துளைகள் எல்லாம் உண்மையானவை; சில வேளைகளில் முத்திரைக் குறியும் அப்படியே எஞ்சும். அதன் மீது விலை உயர்ந்த அஞ்சல்தலையின் உருவத்தை அச்சிடுவார். 1942இல் அவர் லிஸ்பனுக்கு அனுப்பிய பொதியைப் பிரெஞ்சு சுங்கத்துறை கைப்பற்றியது. அவை தாம் செய்த படிகளே என்று அவர் வாதிட, அவை உண்மையானவை என வல்லுநர் சான்றளித்த விந்தையும் நேர்ந்தது. அவரிடமிருந்த இருப்பையும் கருவிகளையும் பிரித்தானிய அஞ்சல்தலையியல் சங்கம் 1954இல் விலைக்கு வாங்கியது. ஸ்பெராட்டியின் குறை அச்சு முறையில் இருந்தது. செதுக்கு அச்சில் மை மேடாக இருக்க வேண்டிய இடங்களில் அவருடையவை தட்டையாக இருந்தன.

போலிக்கு அஞ்சி எடுக்கப்பட்ட நடவடிக்கையே ஓர் அஞ்சல்தலையைப் புகழடையச் செய்ததும் உண்டு. 1856இல் இலண்டனிலிருந்து அஞ்சல்தலைகள் வருவது தாமதமானதால், பிரித்தானிய கயானாவில் உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகத்தில் அவை அச்சிடப்பட்டன. எளிய எழுத்தச்சுக் கோப்பில் அமைந்த அவற்றை எவரும் படியெடுக்கலாம் என்று கருதிய அஞ்சல் அதிகாரி, விற்கும் ஊழியர்கள் ஒவ்வொன்றிலும் தம் பெயர் முதலெழுத்துகளை இட வேண்டும் எனப் பணித்தார். அவற்றுள் ஒரு செண்ட் மதிப்புடையதில் ஒன்று மட்டுமே எஞ்சியுள்ளதாக ஏற்கப்படுகிறது. 1873இல் 12 வயதுச் சிறுவன் ஒருவனால் கண்டெடுக்கப்பட்ட அது, 2014இல் ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நாசிக் அச்சகமும் விடுதலைக்குப் பின்னரும்

1925இல் நாசிக்கில் இந்தியப் பாதுகாப்பு அச்சகம் நிறுவப்பட்டது. 1926 முதல் இந்திய அஞ்சல்தலைகள் அங்கே அச்சாயின. ஐந்தாம் ஜார்ஜின் உருவம் கொண்ட அஞ்சல்தலைகளில், டி லா ரூ அச்சிட்டவற்றில் ஒற்றை விண்மீன் நீர்க்குறியும், நாசிக்கில் அச்சானவற்றில் பல விண்மீன்கள் கொண்ட நீர்க்குறியும் இருக்கும். முகப்பு ஒன்றே, அச்சான ஊரைச் சொல்வது தாள்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21 அன்று தேசியக் கொடியுடன் வெளியானது. 1948 ஆகத்து 15 அன்று வெளியான நான்கு காந்தி அஞ்சல்தலைகள் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவியூர் முறையில் அச்சிடப்பட்டன. இவற்றில் பத்து ரூபாய் அஞ்சல்தலையில் தலைமை ஆளுநரின் அலுவலகப் பயன்பாட்டுக்காக 'சர்வீஸ்' என மேலச்சிடப்பட்டவை 100 மட்டுமே. அவற்றுள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு 2017இல் 5 இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டன. ஒரே ஒரு சொல்லை மேலச்சிடுவது எளிது என்பதால் இதில் போலிகள் மலிந்துள்ளன; வல்லுநர் சான்றிதழ் இன்றி இதை வாங்குவது அறிவுடைமை ஆகாது.

நாசிக் அச்சகத்தில் போட்டோகிராவியூர் முறையில் அச்சான முதல் வரிசை 1952இல் வெளிவந்தது. கபீர், மீரா, தாகூர் உள்ளிட்டோர் அதில் இடம்பெற்றனர். திருவள்ளுவர், சுப்பிரமணிய பாரதியார் ஆகியோரின் அஞ்சல்தலைகள் 1960இல் வெளியாயின. சந்தன மணம் கொண்ட அஞ்சல்தலை 2006லும், கதர்த் துணியில் அச்சான காந்தி அஞ்சல்தலை 2011லும் வெளியிடப்பட்டன. பின்னவை இரண்டும் கடிதத்தில் ஒட்டுவதற்கெனவா, ஏட்டில் வைப்பதற்கெனவா என்ற கேள்வி எழுவது இயல்பே.

சேகரிக்கத் தொடங்குதல்

அஞ்சல்தலைச் சேகரிப்பைக் குறிக்கும் பிலாட்டலி என்ற சொல்லை 1864இல் உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் ஹெர்பான். இது விருப்பம், வரி விலக்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆனது. பெறுபவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதை இது குறிக்கிறது.

தொடங்குபவருக்கு முனை தட்டையான இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி, துளை அளவி, ஒளிபுகும் பட்டைகள் கொண்ட ஏடு ஆகியவை போதும். விரலின் எண்ணெய்ப் பசை தாளைக் கறையாக்கும் என்பதால் இடுக்கி இன்றியமையாதது. பழைய குடும்பக் கடிதங்கள் கிடைத்தால் அஞ்சல்தலையைப் பிரிக்காமல் உறையோடு வைத்திருப்பதே நல்லது. முத்திரைக் குறி, நாள், சென்ற வழி ஆகியவை உறையோடுதான் பொருள்படும். ஏட்டில் ஒட்டுவதற்குப் பசை நாடாவைப் பயன்படுத்தினால் சில ஆண்டுகளில் மஞ்சள் கறை படிந்து அஞ்சல்தலை கெட்டுவிடும். நம் நாட்டின் ஈரமான மழைக்காலத்தில் ஏடுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வைத்தல் வேண்டும். இல்லாவிடில் பின்புறப் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் பளபளப்பான வெளிநாட்டு அஞ்சல்தலைகள் குறித்து எச்சரிக்கை தேவை. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அஜ்மான், புஜைரா போன்ற வளைகுடா ஆட்சிப்பகுதிகளின் பெயரில் சேகரிப்பாளரிடம் விற்பதற்கென்றே ஏராளமான அஞ்சல்தலைகள் அச்சிடப்பட்டன. அவற்றின் மதிப்பு மிகக் குறைவு. சில நாடுகளின் பெயரில் அந்நாடுகளின் இசைவே இன்றி அச்சிடப்பட்டவையும் உண்டு. உண்மையான வெளியீடுகளை அடையாளம் காண, உலக அஞ்சல் ஒன்றியம் 2002 முதல் பங்கேற்கும் நாடுகளின் அஞ்சல்தலைகளுக்கு எண் வழங்கிப் பட்டியலிட்டு வருகிறது.

இந்திய அஞ்சல் துறையின் அஞ்சல்தலைச் சேகரிப்பு நிலையங்கள் பெரிய தலைமை அஞ்சலகங்களில் இயங்குகின்றன. சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் இத்தகைய நிலையம் உள்ளது. புதிய வெளியீடுகளை இங்கே முகமதிப்புக்கே வாங்கலாம். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுள் அஞ்சல்தலைச் சேகரிப்பில் ஈடுபடுவோருக்காக, ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் தீனதயாள் ஸ்பர்ஷ் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. இதற்கான தேர்வில் வினாவிடையும், மாணவரே செய்து அளிக்க வேண்டிய அஞ்சல்தலைச் செயல்திட்டமும் அடங்கும்.